ஸ்கார்செஸியின் ஜார்ஜ் ஹாரிசன் ஆவணப்படம்: ஆள் முழுசாக, வாசிப்பு பாதியாக

மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கிய 'ஜார்ஜ் ஹாரிசன்: லிவிங் இன் த மெட்டீரியல் வேர்ல்ட்' 208 நிமிடப் படம். 2011 அக்டோபர் 5, 6 ஆகிய இரண்டு இரவுகளில் ஹெச்பிஓவில் இரண்டு பாகங்களாக வந்தது. மறு ஆண்டு எம்மி விருதுகளில் சிறந்த ஆவணப்பட நிகழ்ச்சி, சிறந்த ஆவணப்பட இயக்கம் என இரண்டைத் தட்டிச் சென்றது. ராக் இசைக்கலைஞர்கள் பற்றிய படங்களில் மரியாதையாகவும், அதே சமயம் சலிக்காமலும் எடுக்கப்பட்டவை கொஞ்சம்தான். இது அந்தக் கொஞ்சத்தில் ஒன்று. பீட்டில்ஸ் குழுவில் மூன்றாவது ஆளாகவே பார்க்கப்பட்டவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல படம் இல்லை. ஆனால் அவர் கிட்டாரில் என்ன செய்தார், அது ஏன் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டது என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

இந்தக் குறையின் வேர் கால அளவில் இருக்கிறது. இதே ஸ்கார்செஸி 2005-ல் பாப் டிலனைப் பற்றி 'நோ டைரக்‌ஷன் ஹோம்' எடுத்தார். அதுவும் 208 நிமிடம், படத்தொகுப்பும் அதே டேவிட் டெடெஸ்கிதான். ஆனால் அந்தப் படம் 1966-ஓடு நின்றுவிடுகிறது. எனவே ஒரு பாட்டு, ஒரு மேடை, ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு என்று ஒவ்வொன்றிலும் கால்நீட்டி உட்கார நேரம் கிடைத்தது. இங்கே அதே நேரத்துக்குள் 1943-ல் லிவர்பூலில் பிறந்தவரின் 58 வருடமும் அடங்கியாக வேண்டும். குழு, ஆன்மிகம், வங்கதேச நிதிக் கச்சேரி, சினிமா தயாரிப்பு, கார் பந்தயம், தோட்டம், நோய் என்று வரிசை நீளும்போது முதலில் வெட்டுப்படுவது இசை பற்றிய விளக்கம்தான்.

பின்னணிக் குரல் கிடையாது. பேட்டிகள், பழைய காட்சிகள், வீட்டில் எடுத்த வீடியோக்கள், அம்மாவுக்கு ஜார்ஜ் எழுதிய கடிதங்களை மகன் தானி வாசிப்பது, இவற்றை வைத்தே கதை நகர்கிறது. இது படத்தின் அழகு, புதியவருக்குச் சிக்கலும் அதுதான். காலம் முன்னும் பின்னும் தாவும். எந்த வருடத்தில் நிற்கிறோம் என்று யாரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். சில வருடங்களை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால் தடுமாற்றம் இருக்காது. 1960-ல் பீட்டில்ஸ் வாசிக்கப் போன ஜெர்மனியின் ஹாம்பர்க், 18 வயது ஆகவில்லை என்று அங்கிருந்து நாடுகடத்தப்பட்டார். 1965-ல் முதன்முதலாகப் பதிவில் சிதார். 1966-ல் சிதார் மேதை ரவிசங்கரைச் சந்தித்து, அதே ஆண்டு இந்தியா. 1968-ன் தொடக்கத்தில் ரிஷிகேஷ். 1970-ல் குழு உடைந்து, ஆண்டின் இறுதியில் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்'. 1971 ஆகஸ்ட் 1 வங்கதேசத்துக்கான கச்சேரி. 1974 அமெரிக்கப் பயணம். 2001 நவம்பர் 29 மறைவு. இவ்வளவு போதும்.

பேட்டிகளில் முகங்களின் பட்டியலே கண்ணைக் கட்டும்: பீட்டில்ஸ் தோழர்கள் பால் மெக்கார்ட்னி, ரிங்கோ ஸ்டார், கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன், ஜார்ஜின் முதல் மனைவி பேட்டி பாய்ட், ரவிசங்கர், இசைத் தயாரிப்பாளர்கள் ஜார்ஜ் மார்ட்டின், ஃபில் ஸ்பெக்டர், ராக் பாடகர் டாம் பெட்டி, நகைச்சுவை நடிகர் எரிக் ஐடில், கார் பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட். பெரிய பெயர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் புகழ்மாலை சூட்டச் சொல்வது இந்த வகைப் படங்களின் பொது வியாதி. இங்கே அந்த வியாதி குறைவு. ஹாம்பர்க் காலத்துத் தோழி, புகைப்படக்காரர் ஆஸ்ட்ரிட் கிர்ஷெர் பேசும் இடத்தைப் பாருங்கள். பீட்டில்ஸில் முன்பு பேஸ் கிட்டார் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் 1962-ல் இறந்த பிறகு, அவர் ஓவியம் வரைந்த மாடி அறையில் ஜான் லெனனையும் ஜார்ஜையும் ஆஸ்ட்ரிட் படம் எடுத்தார். ஜான் உட்கார்ந்திருக்கிறார், ஜார்ஜ் பின்னால் நிற்கிறார். ஜானைவிட இரண்டு வயதுக்கு மேல் இளையவரின் முகத்தில் பெரியவனுக்குக் காவல் நிற்கும் தோரணை. அந்த ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஆஸ்ட்ரிட் சொல்வது, மற்றவர்கள் பத்து நிமிடம் பேசியும் சொல்லாதது.

இசை பற்றிய ஒரே உருப்படியான வகுப்பு மெக்கார்ட்னியிடமிருந்து வருகிறது. 'அண்ட் ஐ லவ் ஹெர்' தான் எழுதிய பாட்டு, ஆனால் அதன் தொடக்கத்தில் வரும் நான்கு சுரத் துணுக்கு ஜார்ஜ் அந்த இடத்திலேயே கொடுத்தது என்கிறார். வாயாலேயே பாடிக் காட்டுகிறார். அது இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்க முடியுமா என்பதுதான் அவர் கேட்காமல் கேட்பது. உடனே படத்தை நிறுத்திவிட்டு அந்தப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். பாட்டு எழுதியவர் பெயர்ப் பட்டியலில் லெனன், மெக்கார்ட்னி மட்டுமே இருக்கும். காதில் முதலில் ஒட்டுவதோ ஜார்ஜின் நான்கு சுரம். குழுவுக்குள் அவருக்கு ஏன் புழுக்கம் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. இப்படி ஐந்தாறு பாட்டுகளை எடுத்துப் பிரித்துக் காட்டியிருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

முக்கியமாக விட்டுப்போனது அவருடைய ஸ்லைடு வாசிப்பு. விரலில் கண்ணாடி அல்லது உலோகக் குழாயை மாட்டி, தந்தியை ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) அழுத்தாமல் அதன்மேல் வழுக்கி வாசிப்பது ஸ்லைடு. வீணையில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் ஜாரு கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதல்ல. இதில் கஷ்டம் சுருதியில். குழாய் சரியாக ஃப்ரெட் கம்பிக்கு நேர்மேலே நிற்க வேண்டும். கொஞ்சம் முன்னோ பின்னோ போனால் சுரம் பிசகிவிடும். ப்ளூஸ் ஸ்லைடு வாசிப்பவர்களில் பலர் கையை அகலமாக நடுக்கி அந்தப் பிசகை மறைத்துவிடுவார்கள். ஹாரிசன் அப்படிச் செய்வது குறைவு. நேராக சுரத்தில் போய் இறங்குவார், நிற்பார், அடுத்ததற்கு நகர்வார். பெரும்பாலும் ஒற்றைத் தந்தியில் பாடுவதுபோன்ற வரி. 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டில் அப்படி இரண்டு ஸ்லைடு வரிகள் ஒன்றோடொன்று இசைந்து போகும். ஹெட்போனில் கேட்டால் பிரிந்து தெரியும்.

இந்தச் சுத்தம் எங்கிருந்து வந்தது? 1965-ல் 'நார்வீஜியன் வுட்' பாட்டில் அவர் சிதாரைக் கையில் எடுத்தபோது அதில் கிட்டார்தான் வாசித்தார் என்று சொல்ல வேண்டும். மெட்டை அப்படியே தந்தியில் தட்டியிருக்கிறார். ரவிசங்கரிடம் உட்கார்ந்த பிறகுதான் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மீண்ட் பழகினார். அதற்கு ஃப்ரெட் வழிகாட்டாது, காதுதான் வழிகாட்டும். 1968 வாக்கில், தான் தேர்ந்த சிதார் கலைஞன் ஆகப்போவதில்லை என்று உணர்ந்து கிட்டாருக்குத் திரும்பினார். 1969 டிசம்பரில் டெலனி அண்ட் போனி என்ற அமெரிக்க இசைக்குழுவோடு பயணம் போனபோது ஸ்லைடு கைக்கு வந்தது. சிதாரில் பழகிய காது, கிட்டாரில் அந்தக் குழாய் வழியாக வேலை செய்யத் தொடங்கியது. மறைவுக்குப் பின் 2002-ல் வெளிவந்த 'ப்ரெய்ன்வாஷ்ட்' தொகுப்பில் உள்ள 'மார்வா ப்ளூஸ்' என்ற வாத்திய இசையைக் கேட்டால் இந்தக் கணக்கு முழுசாகப் புரியும்; அதற்குக் கிராமி கிடைத்தது. படத்தில் சிதார் இருக்கிறது, கிட்டார் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இந்தப் பாலத்தைத்தான் காணோம்.

இந்தியப் பகுதி பார்க்க நன்றாக இருக்கிறது. ஜார்ஜைப் பற்றிய ரவிசங்கரின் பேச்சில், சொந்த மகனைப் பற்றிச் சொல்வதுபோன்ற வாஞ்சை. ஆனால் இங்கேயும் ஆன்மிகம் முன்னால் உட்கார, சங்கீதம் பின்வரிசைக்குப் போகிறது. 'விதின் யூ விதவுட் யூ' பாட்டில் மற்ற பீட்டில்ஸ் மூவரும் வாசிக்கவே இல்லை. அதன் சுரக்கட்டு இந்துஸ்தானியில் கமாஜ் தாட்டை (ராகங்களின் தாய்வகை) சேர்ந்தது. நம் கர்நாடக இசைக் கணக்கில் ஹரிகாம்போஜியின் சுரங்கள். நடுவே வரும் வாத்தியப் பகுதியில் தாளம் ஐந்தின் எண்ணிக்கைக்கு மாறும். மேற்கத்திய பாப் பாட்டில் சிதாரை அலங்காரமாக ஒட்டவைப்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை ஒரு நிமிடத்தில் காட்டியிருக்கலாம்.

1974 பயணத்தையும் படம் அவசரமாகக் கடக்கிறது. தொண்டை கெட்ட நிலையிலேயே ஹாரிசன் மேடையேறிய பயணம் அது, பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. ஆனால் அந்த மேடையில் ரவிசங்கரின் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் தமிழ் ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்: மிருதங்கத்தில் டி.வி. கோபாலகிருஷ்ணன், வயலினில் எல். சுப்ரமணியம், பாட்டில் லட்சுமி சங்கர், கூடவே அல்லா ரக்கா, ஹரிபிரசாத் சௌராசியா, சிவகுமார் சர்மா. ராக் கேட்க டிக்கெட் வாங்கி வந்த அமெரிக்கக் கூட்டத்தின் முன்னால் இவர்கள் வாசித்தார்கள். ஒரு தனிப் படத்துக்கே தாங்கும் விஷயம். இருபத்திரண்டு வருடம் கழித்து 1996-ல், ரவிசங்கரின் 'சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா' தொகுப்பின் ஒரு பகுதி சென்னையில் பதிவானது. தயாரிப்பு ஜார்ஜ் ஹாரிசன். படம் முடிந்ததும் அதைத் தேடிக் கேட்பது நல்லது.

தயாரிப்பாளர்களில் ஒருவர் மனைவி ஒலிவியா. குடும்பத்தின் பெட்டிகள் திறக்கப்பட்டதும் அதனால்தான், சில கதவுகள் மூடியே இருப்பதும் அதனால்தான் என்று தோன்றுகிறது. திருமண வாழ்க்கையில் மேடுபள்ளம் இருந்ததை ஒலிவியா மறைக்கவில்லை. நீண்ட மணவாழ்வின் ரகசியம் விவாகரத்து செய்யாமலிருப்பது என்று சிரிக்காமல் சொல்கிறார். ஜார்ஜைப் பிரிந்து பின்னர் கிளாப்டனை மணந்த பேட்டி பாய்டும், கிளாப்டனும் அந்த முக்கோணத்தைப் பற்றி நேராகவே பேசுகிறார்கள். ஆனால் பணம், வழக்கு என்று வந்தால் படம் நழுவுகிறது. 'மை ஸ்வீட் லார்ட்' வழக்கைப் புரிந்துகொள்ள இந்தப் படம் உதவாது. 'ஹீஸ் சோ ஃபைன்' என்ற பழைய பாட்டின் மெட்டைத் தன்னையறியாமல் எடுத்துவிட்டார் என்று 1976-ல் தீர்ப்பு வந்தது. பிறகு, அவருக்கு மேலாளராக இருந்த ஆலன் க்ளெய்னே அந்தப் பழைய பாட்டின் உரிமையை வாங்கிக்கொண்டு எதிர்த்தரப்பில் போய் நின்றார். இது சரியில்லை என்று கண்ட நீதிமன்றம், 1981-ல் ஹாரிசன் கொடுக்க வேண்டிய தொகையை 5,87,000 டாலராக மட்டுப்படுத்தியது. ஸ்கார்செஸி கையில் இப்படி ஒரு கதை கிடைத்தும் தொடாமல் விட்டது ஆச்சரியம்.

சினிமா தயாரிப்பிலும் இதே பாதிக் கதை. எரிக் ஐடில் இருந்த பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவான மான்ட்டி பைத்தானின் 'லைஃப் ஆஃப் ப்ரையன்' படத்திலிருந்து, பணம் போடவிருந்த இஎம்ஐ நிறுவனம் கடைசி நேரத்தில் கழன்றுகொள்ள, வீட்டை அடமானம் வைத்துப் பணம் போட்டார் ஹாரிசன். படத்தைப் பார்க்க ஆசைப்பட்டாராம், அவ்வளவுதான் காரணம். எரிக் ஐடில் இதைச் சொல்லும் விதம் அருமை. அந்தப் பணத்தில் பிறந்த ஹேண்ட்மேட் ஃபிலிம்ஸ் பின்னர் நொடித்து, கூட்டாளி டெனிஸ் ஓ'ப்ரையன் மீது வழக்குப் போட்டு, 1996-ல் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கும் மேல் தீர்ப்பு பெற்றதை வேறு எங்காவதுதான் படிக்க வேண்டும்.

கடைசி அரை மணி நேரத்தைப் பற்றி இரண்டு பேச்சு கிடையாது. 1999 டிசம்பர் 30 அதிகாலை வீட்டுக்குள் புகுந்த ஆள் ஜார்ஜைக் கத்தியால் தாக்கியதை ஒலிவியா படிப்படியாக, குரல் உயர்த்தாமல் விவரிக்கிறார். கையில் கிடைத்ததை எடுத்துத் திருப்பி அடித்தவர் அவர்தான். ரிங்கோ, ஸ்விட்சர்லாந்தில் படுக்கையில் இருந்த நண்பரைக் கடைசியாகப் பார்த்ததைச் சொல்கிறார். மகளின் சிகிச்சைக்காகத் தான் பாஸ்டன் போக வேண்டும் என்று ரிங்கோ சொன்னதும், எழுந்திருக்கக்கூட முடியாத ஜார்ஜ், துணைக்கு நானும் வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே ஒரு ஜோக் அடிக்கிறார் ரிங்கோ. இயக்குநர் இசை போட்டு ஊதிப் பெருக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்.

பார்ப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். முதல் பாகம் பெரும்பாலும் பீட்டில்ஸ் காலம், இரண்டாம் பாகம் அதற்குப் பிந்தைய வாழ்க்கை. இரண்டு இரவாகப் பிரித்தால் சரியாக இருக்கும். லிவர்பூல் உச்சரிப்பு நமக்கு எளிதில் பிடிபடாது, ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். 1969 ஜனவரியில் ஜார்ஜ் குழுவைவிட்டு எழுந்துபோன விவகாரம் இங்கே சுருக்கமாகத்தான் வரும். அதை நாள்வாரியாகப் பார்க்க வேண்டுமென்றால் பீட்டர் ஜாக்சனின் 'கெட் பேக்' இருக்கிறது. ஏறக்குறைய எட்டு மணி நேரம். பீட்டில்ஸே புதிது என்பவர்கள் அதிலிருந்து தொடங்க வேண்டாம், மலைத்துவிடுவார்கள்.

டிஸ்க் வாங்குபவர்கள் கூடுதல் காட்சிகள் உள்ள பதிப்பா என்று பார்த்து வாங்கவும். அதில் ஜார்ஜ் மார்ட்டின், அவர் மகன் கைல்ஸ், தானி மூவரும் மிக்ஸிங் மேசை முன் உட்கார்ந்து 'ஹியர் கம்ஸ் த சன்' பாட்டின் தடங்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிக் கேட்கிறார்கள். திடீரென்று, வெளியான பதிவில் இடம்பெறாமல் போன ஒரு கிட்டார் சோலோ எழும்புகிறது. தானியின் முகத்தைப் பார்க்க வேண்டும். சில நிமிடங்களே ஓடும் இந்தத் துண்டு பிரதான படத்துக்குள் இல்லாமல் போனது பெரிய தவறு. டீலக்ஸ் பெட்டியில் புத்தகமும், ஆரம்பகட்டப் பதிவுகள் கொண்ட ஒரு சிடியும் சேர்ந்து வந்தன. 'எர்லி டேக்ஸ் வால்யூம் 1' என்ற அந்த சிடி 2012-ல் தனியாகவும் வெளியானது. பத்துப் பாட்டு, பின்னணி அலங்காரம் குறைவு. அதற்காக மட்டும் டீலக்ஸ் பெட்டிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.