பத்துக் கிலோவா, அரை மணி நேரமா?

பொங்கல் முடிந்த வாரம் எங்கள் வீட்டில் இரண்டு சபதங்கள் எடுக்கப்பட்டன. மச்சானுடையது: சித்திரை பிறப்பதற்குள் 10 கிலோ குறைப்பது. என்னுடையது: வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் நடப்பது. மச்சான் சிரித்தான். "இதெல்லாம் ஒரு டார்கெட்டா மாமா? ரேஷன் கடை வரைக்கும் போய்ட்டு வந்தா கணக்கு முடிஞ்சுடும்."

அவன் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. 10 கிலோ என்றால் எண் இருக்கிறது, கெடு இருக்கிறது, மெஷின் மேல் ஏறி நின்றால் உடனே பதில் வருகிறது. தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். அரை மணி நேர நடையை யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. 10 கிலோவுக்கு 77,000. பொங்கலிலிருந்து சித்திரை முதல் தேதிவரை 90 நாள் என்று வைத்தால், நாளுக்கு 850 கலோரிக்கு மேல் துண்டு விழ வேண்டும். 80 கிலோ ஆள் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தாலும் 300 கலோரி எரிந்தால் பெரிய விஷயம். மீதி முழுவதையும் தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் தினமும். அந்த 90 நாளுக்குள் எங்கள் வீட்டுக்கு வந்த பத்திரிகைகள் மட்டும் ஏழு. அதில் இரண்டு காதுகுத்து, கிடா வெட்டோடு.

இன்னொரு சிக்கல் மெஷினிலேயே இருக்கிறது. முதல் வாரம் மச்சானுக்கு இரண்டரைக் கிலோ இறங்கியது. சோற்றைக் குறைத்ததும் உடம்பில் இருப்பு வைத்திருந்த மாவுச்சத்து கரைந்து, அதோடு சேர்ந்திருந்த தண்ணீரும் வெளியேறியது. இறங்கியதில் பெரும்பங்கு அதுதான். அவன் அதைக் கொழுப்பு என்று நம்பினான். பிப்ரவரியில் ஒரு நாள் ராத்திரி கருவாட்டுக் குழம்பு. மறுநாள் காலை ஒரு கிலோ ஏறியிருந்தது. உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரே ராத்திரியில் ஒரு கிலோ கொழுப்பு ஏறாது. காலை ஆறு மணிக்கு மெஷின் மேல் நிற்பவனிடம் இதையெல்லாம் யார் விளக்குவது? மாசி முடிவதற்குள் மெஷின் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அதற்காக எடையை இலக்காக வைப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். இருக்கிற எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். 82 கிலோ ஆளுக்கு அது 4 கிலோ. ஆறு மாதத்தில் 4 கிலோ என்று மச்சான் எழுதியிருந்தால் என் ஓட்டும் அதற்குத்தான். அதைவிட எனக்குப் பிடித்தது இடுப்பளவு. நம் ஊர் உடம்புக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. டெய்லர் நாடா போதும். ஒரு வேளைக் கருவாட்டுக்கெல்லாம் அது பெரிதாக அசைந்து கொடுப்பதில்லை.

பத்தாயிரம் அடியா, அரை மணியா?

என் ஆபீஸ் நண்பருக்கு போனில் 10,000 அடி காட்டாவிட்டால் தூக்கம் வராது. ராத்திரி பத்தரைக்கு மொட்டை மாடியில் சுற்றிக்கொண்டிருப்பார். இந்த 10,000 எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்த எண் இல்லை. 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்க வந்தபோது அதற்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தது. பெயரே விதியாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் அடியை எண்ணச் சொல்லவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது இருந்தால்தான் சேர்த்தி என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. 2020இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கை கொடுத்தது இந்தக் கடைசி வரிதான். ஏனென்றால் வடசென்னையில் நடக்க இடம் தேடுவதே ஒரு உடற்பயிற்சி. எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரிகள். உள்தெருக்களில் நடைபாதையில் பைக்குகள், தண்ணீர்க் குடங்கள். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 8 கிலோமீட்டர் 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதை சென்னையில் பெசன்ட் நகரில் இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து அங்கே போய் வருகிற நேரத்தில் இரண்டு நாள் நடையை முடித்துவிடலாம். ராயபுரம் ராபின்சன் பூங்கா உண்டு. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்த இடம். அன்றைக்கு மழையிலும் கூட்டம் கலையவில்லையாம். நான் தூறல் விழுந்தாலே வீட்டுக்கு ஓடுகிற கட்சி.

அதனால் நடையைத் துண்டு போட்டேன். மெட்ரோவில் உயர்நீதிமன்றம் வரை போகாமல் மண்ணடியில் இறங்கிக்கொள்கிறேன். காலையில் அங்கிருந்து ஆபீசுக்கு நடை, சாயந்திரம் திரும்ப அதே நடை. தண்டையார்பேட்டை ஸ்டேஷன் தரைக்கடியில் இருப்பதால் படியேற்றம் இலவசம். நடைக்கென்று தனியாக நேரம் ஒதுக்கியிருந்தால் இந்த வேலைக்கு நான் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன்.

ஜிம் பற்றியும் ஒரு வரி. ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் குறைகிறது என்றார்கள், கட்டினேன். போனது பதினோரு நாள். மாதாமாதம் கட்டுவது கூடுதல் செலவென்று தோன்றும், எனக்கு அதுதான் மலிவாக முடிந்திருக்கும்.

அறவே விடுவதா, அளவா?

மச்சான் எண்ணெய்ப் பலகாரத்தை அடியோடு விட்டான். பதினெட்டாம் நாள் பர்மா கடையில் இரண்டு தட்டு அத்தோ நூடுல்ஸ், கூடவே முட்டை. விட்டதற்கெல்லாம் வட்டி. நான் அத்தோவை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று எழுதி வைத்துக்கொண்டேன். என்றைக்கு வரும் என்று தெரிந்தால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. சிகரெட் மாதிரி விஷயத்தில் அறவே விடுவதுதான் சரி, அங்கே 'அளவாக' என்பது பொய். சாப்பாடு அப்படியில்லை.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு விடுவதைவிடச் சேர்ப்பது சுலபமான இலக்கு. வாரம் இரண்டு நாள் மத்தியோ காணாங்கத்தையோ, குழம்பாக. வஞ்சிரம் விலைக்குப் போக வேண்டியதே இல்லை, புரதமும் நல்ல கொழுப்பும் இதிலேயே இருக்கின்றன. உப்பு மட்டும்தான் எங்கள் வீட்டில் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கும் இலக்கு. நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டு அது நடக்காது. பிரஷர் மாத்திரை போடும் அம்மாவே ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைத்திருக்கிறார்.

பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 2010இல் வெளிவந்த ஒரு லண்டன் ஆய்வில் சராசரி 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை என்று மதிப்பிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய சேதம் செய்யவில்லை. ஏழு நாள் என்று எழுதாமல் ஐந்து என்று எழுதியதில் எனக்குக் கிடைத்த லாபம் இதுதான். ஆடிட் வாரத்தில் இரண்டு நாள் போனாலும் கணக்கு உடையவில்லை.

போன வாரம் மச்சான் கட்டிலுக்கு அடியிலிருந்து மெஷினை எடுத்துத் துடைத்தான். பேட்டரி தீர்ந்திருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு, எங்கள் காலண்டருக்குப் பக்கத்தில் தன் பெயருக்கும் ஒரு தாள் ஒட்டினான்.

"ஐப்பசி மழை வருது மாமா. அஞ்சு நாள் எனக்கு ஆகாது. நாலுன்னு போட்டுக்கவா?"

"மூணுன்னு போடு" என்றேன்.