தொட்டூ தீவில் அறையும் மாறியது, பில்லும் ஏறியது

ரிசார்ட் விலையைப் பார்த்து மிரண்டுபோய், "மாலத்தீவுல உள்ளூர் தீவு ஒண்ணுல கெஸ்ட் ஹவுஸ் எடுத்துக்கலாம்" என்று முடிவெடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யோசனை நல்லதுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் ஏஜென்ட் அனுப்பும் "எல்லாம் அடக்கம்" விலையை நம்பி முன்பணம் அனுப்பிவிடாதீர்கள்.

நாங்கள் போனது தொட்டூ. தலைநகர் மாலேயிலிருந்து ஸ்பீட் போட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தர்பூசணியும் பப்பாளியும் விளையும் ஊர். சத்தமில்லாத இடத்தில் படுத்துக் கிடக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே திட்டம். சென்னையில் இருக்கும் ஏஜென்ட், "வரி, படகு எல்லாம் இதுலயே அடக்கம் சார், நீங்க பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புங்க" என்றார்.

கிளம்புவதற்கு முன்பே முதல் வசூல் வந்தது. "விசா ஃபார்ம் சார்ஜ்", தலைக்கு 1,500 ரூபாய். இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் சுற்றுலா அனுமதி இலவசமாகவே தருகிறார்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஐமுகா என்ற அரசுத் தளத்தில் நிரப்ப வேண்டிய படிவத்துக்கும் கட்டணம் கிடையாது. இதைச் சொன்னதும் அதற்குப் பெயர் "சர்வீஸ் சார்ஜ்" என்று மாறியது, தொகை மாறவில்லை.

தீவில் இறங்கினால், புக் செய்த வீட்டுக்குப் பதில் வேறொரு வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஏ.சி. ரிப்பேராம், இதுவும் அவர்களுடையதுதானாம். திரையை விலக்கிப் பார்த்தேன். ஜன்னலுக்கு நாலடி தள்ளிப் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்துக்கொண்டிருந்தார். துருப்பிடித்த கம்பிகள் எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன, கொசுவலை முழுக்க சிமென்ட் தூசி. காலை ஏழு மணிக்குக் கலவை மெஷின் ஓட ஆரம்பித்தால் சாயங்காலம்தான் நிற்கும். வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை என்பதால் அன்றைக்கு மட்டும் காது தப்பியது.

மானேஜரிடம் போனால் "நாளைக்கு மாத்திடலாம்". மறுநாள் போனால் "ஃபுல்". சரி, ரிப்பேர் எந்த அளவில் இருக்கிறது பார்ப்போம் என்று புக் செய்த வீட்டுக்கே நடந்து போனேன். எங்களுக்குச் சொன்ன அறையின் வெளியே ஏ.சி. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அதாவது ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. அதிக விலைக்கு ஆள் கிடைத்ததும் அறையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சாப்பாட்டைக் குறை சொன்னால் பாவம். மாசிக்கருவாட்டுக்குப் பேர்போன நாடு அல்லவா, காலையில் சூரை மீனும் தேங்காய்ப்பூவும் பிசைந்த மஸ்ஹுனியை, ரொஷி என்ற அவர்கள் ஊர்ச் சப்பாத்தியோடு தின்ன அலுக்கவே இல்லை.

கிளம்பும் அன்று பில் வந்தது. வரியும் சார்ஜும் பொய்யில்லை: சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதையும் சேர்த்த தொகைக்கு மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி. 2025 ஜூலை முதல் 17 சதவீதம், அப்புறம் தலைக்கு இரவுக்கு இவ்வளவு என்று பசுமை வரி. 100 டாலர் அறை என்றால் 110 ஆகி, 128.70 ஆகி, இரண்டு பேருக்குப் பசுமை வரி தலைக்கு 6 வீதம் 12 சேர்ந்து 140.70-இல் வந்து நிற்கும். இதெல்லாம் அடக்கம் என்று சொல்லித்தானே பணம் வாங்கினார்கள்! ஏஜென்ட் அறை வாடகை மட்டும்தான் அனுப்பினார் என்கிறார் மானேஜர். "லோக்கல் டாக்ஸ் எப்பவும் தனி சார்" என்கிறார் ஏஜென்ட்.

அதிலும் ஒரு கைவேலை. பசுமை வரியைத் தலைக்கு 12 டாலர் என்று போட்டிருந்தார்கள். 12 என்பது ரிசார்ட்டுகளுக்கு. ஊருக்குள் இருக்கும் சின்ன கெஸ்ட் ஹவுஸுக்கு 6 தான். கேட்டதும் மானேஜர் ஒரு வார்த்தை பேசாமல் பேனாவால் அடித்து 6 ஆக்கினார். கேட்காதவர்கள் எத்தனை பேரோ. மற்றதைப் பற்றிப் பேசினால், "கட்டுங்க, படகு டிக்கெட் தர்றேன்" என்ற தோரணை. படகு கிளம்ப நேரமாகிவிட்டது, சாயங்காலம் விமானம். கட்டினோம்.

அதனால் போகிறவர்கள் வரி உட்பட இறுதித் தொகையை டாலரில் எழுத்தில் வாங்குங்கள். வீட்டின் பெயரும் இருக்கட்டும், வேறு வீடு கொடுத்தால் பணம் திரும்ப வரும் என்ற வரியும் இருக்கட்டும். அறை ஜன்னலிலிருந்து இன்றைக்கு எடுத்த வீடியோ கேளுங்கள். கடலும் ஊஞ்சலுமாகப் படம் மட்டும் வந்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள். படகுக்கு நேரடியாகப் பணம் கட்டித் திரும்பும் டிக்கெட்டையும் முதல் நாளே கையில் வாங்கிவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் ஏஜென்ட் மேல் புகார் கொடுத்தேன். ஃபார்முக்கு வாங்கிய பணம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. மீதிக்கு இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.