தண்ணி டேங்குக்கு ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி சென்சார்: வாங்கலாமா?

தருமபுரிப் பக்கம் ஒகேனக்கல் தண்ணீர் வரும் நேரத்தில் டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று மாடி ஏறாமலே தெரிந்தால் பெரிய நிம்மதி. அதற்கு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த அல்ட்ராசோனிக் சென்சார் (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டு எதிரொலிக்கும் நேரத்தை வைத்துத் தூரம் அளப்பது) நல்ல தேர்வுதான். ஆனால் வாட்டர்ப்ரூஃப் என்பது கேபிள் நுனியில் இருக்கும் வட்டத் தலைக்கு மட்டும். பச்சை போர்டை நிழலில், மூடிய டப்பாவுக்குள் வையுங்கள்.

ஈஎஸ்பி8266 என்ற வைஃபை கண்ட்ரோலர் போர்டோடு இணைக்கும்போது ட்ரிகர் (ஒலியை அனுப்பச் சொல்லும்) பின்னை டி5-க்கும் எக்கோ (எதிரொலியைச் சொல்லும்) பின்னை டி6-க்கும் கொடுங்கள். சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தால் எக்கோவும் 5 வோல்ட்டில்தான் வரும். ஈஎஸ்பி தாங்குவது 3.3. எக்கோவுக்கும் டி6-க்கும் நடுவில் 1 கே (கிலோ ஓம்), டி6-க்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 2 கே ரெசிஸ்டர் போட்டால் மூன்றில் இரண்டு பங்கு, 3.33 வோல்ட்தான் போய்ச் சேரும். இதைத் தவிர்த்தாலும் முதலில் வேலை செய்யும் என்பதுதான் ஆபத்து.

பெரிய குறை, கிட்டத்தில் கண் தெரியாது. சுமார் 25 செ.மீ.க்குள் தண்ணீர் வந்துவிட்டால் அளவு உளறும். 1.1 மீட்டர் விட்டமுள்ள நின்ற டேங்கில் 1 செ.மீ. உயரம் ஏறக்குறைய 9.5 லிட்டர். மூடியில் மாட்டிய சென்சாருக்கும் ஓவர்ஃப்ளோ குழாய்க்கும் 15 செ.மீ.தான் இடைவெளி என்றால், மேலே 10 செ.மீ., அதாவது 95 லிட்டர், கணக்கில் வராது.

வெயிலும் கணக்கைக் கெடுக்கும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு (331.3 + 0.606 × செல்சியஸ் வெப்பநிலை) மீட்டர். இணையத்தில் கிடைக்கும் புரோகிராம்களில் எதிரொலி வர ஆகும் மைக்ரோசெகண்டைப் பெரும்பாலும் 58-ஆல் வகுத்து செ.மீ. எடுப்பார்கள். அது சுமார் 22 டிகிரிக்குத்தான் பொருந்தும். டேங்குக்குள் காற்று 40 டிகிரியில் இருந்தால் 1 மீட்டர் தூரம் 97 செ.மீ. என்று வரும். இல்லாத தண்ணீர் சுமார் 28.5 லிட்டர் இருப்பதாகக் காட்டும்! டிஎஸ்18பி20 வெப்ப சென்சாரை 4.7 கே ரெசிஸ்டரோடு சேர்த்தால் தீரும். தண்ணீர் விழும்போது அலையால் வரும் தாறுமாறுக்கு, 9 முறை அளந்து வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு தப்பான அளவு அதைக் கவிழ்த்துவிடும்.

படுக்கை டேங்க் (படுத்த உருளை) வைத்திருப்பவர்களுக்குத்தான் உண்மையான விருந்து. கால் டேங்க் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கும்? விட்டத்தில் கால் பங்கு என்பது தப்பு. தண்ணீர் மட்டத்தின் இரு முனைகளும் வட்டத்தின் மையத்தில் உண்டாக்கும் கோணத்தை θ என்று வைத்தால், θ − sin θ = π/2 என்ற சமன்பாட்டில் போய் நிற்கும்; நேரடி விடை கிடையாது. படிப்படியாக விடையை நெருங்கும் நியூட்டன் முறையில் 2 ரேடியனில் தொடங்கினால் அடுத்து 2.339, அதற்கடுத்து 2.310. உயரம் விட்டத்தில் 0.298 பங்கு. தண்ணி லாரியின் நீள்வட்ட டேங்குக்கும் இதே 0.298 பொருந்தும். ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தால் சால்டரிங் அயர்ன் ஆறிப்போகும். வட்டத்தை ஒரு பக்கமாக அழுத்திப் பாருங்கள், பிடிபடும்.

மோட்டாரை நிறுத்த மட்டும்தான் வேண்டும் என்றால் இதை வாங்காதீர்கள், தண்ணீரில் மிதந்து ஆன்-ஆஃப் செய்யும் ஃப்ளோட் ஸ்விட்ச் போதும். இதை வைத்தே மோட்டாரை ஓட்டுவதானால் சின்ன 10 ஆம்பியர் ரிலேயில் நேராக மாட்டக் கூடாது: ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்ட்டில் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். காண்டாக்டர் (மோட்டார் கரண்ட்டைத் தாங்கும் பெரிய ரிலே) வழியாகக் கொடுங்கள். வைஃபை தொங்கிவிட்டாலும் மோட்டார் நிற்கும்படி, ஃப்ளோட் ஸ்விட்ச்சைக் கழற்றாமல் அதே லைனில் விட்டுவையுங்கள்.