வீட்டில் பிள்ளைகள் பார்ப்பவரின் பிரசவ விடுமுறை: ஆள் வைப்பதா, ஒப்படைப்பதா, மூடுவதா?

யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே பகல்நேரப் பராமரிப்பு நடத்தும் பெண் கருவுற்றால், அவருக்கு விடுமுறை தருவதற்கு மேலதிகாரி என்று எவரும் இல்லை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் சம்பளத்துக்கு வேலை செய்பவரைப் பற்றியே பேசுகின்றன. 2018ஆம் ஆண்டுத் திருத்தங்கள் மூன்றாவது, நான்காவது பிள்ளைக்கும் குறைவில்லாத விடுமுறையை உறுதிசெய்தபோதும் சுயதொழில் செய்பவர் வெளியிலேயே நின்றார். அவரிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் பாடசாலைக்கும் வங்கிக்கும் போகும் தாய்மார் தங்கள் விடுமுறையை முடித்தவர்கள். தன்னுடையதை அவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, சம்பளத்துக்கு ஒருவரை வைத்து அதே வீட்டில் தொடர்ந்து நடத்துவது. வருமானம் அறாது, பெற்றோரும் வேறிடம் தேடமாட்டார்கள் என்பதால் பலரும் முதலில் நினைப்பது இதைத்தான். கணக்குக்காக, ஆறு பிள்ளைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபா வீதம் மாதம் 60,000 ரூபா வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உதவியாளருக்கு 30,000 ரூபா சம்பளம் என்றால், வேலை கொடுப்பவர் செலுத்தவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதமும் சேர்ந்து இன்னும் 4,500 ரூபா. மிஞ்சும் 25,500 ரூபாவில்தான் சாப்பாடும் எரிவாயுவும் சவர்க்காரமும். ஒன்றுமில்லாததை விட இது மேல் என்பதை மறுக்கமுடியாது.

ஆனால் பணத்தை விடப் பெரிய தடை வீடுதான். எங்கள் ஊரில் பெண் பெரும்பாலும் தன் சீதன வீட்டிலேயே இருப்பதால், பராமரிப்பு நடக்கும் வீடும் அவர் பத்தியம் காத்துப் படுத்திருக்கும் வீடும் ஒன்றாகிவிடுகின்றன. அடுத்த அறையில் பழகிய பிள்ளை அழும்போது எழும்பாமல் கிடக்க அவரால் முடியாது. துடக்குக் கழியாத வீட்டுக்குள் வரத் தயங்கும் பெற்றோரும் இருப்பார்கள்.

இவற்றிலும் முக்கியமானது தொற்று. கொப்புளிப்பான் தொற்றியவருக்கு அது வெளித்தெரிய 10 முதல் 21 நாள்கள் வரை ஆகலாம். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்னிருந்து இரண்டு நாள் பின்வரையான காலத்தில் தாய்க்குக் கொப்புளங்கள் தோன்றினால் சிசுவுக்குக் கடும் ஆபத்து. குக்கலுக்கு (கக்குவான் இருமலுக்கு) எதிரான முதல் ஊசி இரண்டாம் மாதத்தில்தான் போடப்படுகிறது. அதற்கு முன் ஆறு வீடுகளின் இருமலும் தடிமனும் கூடும் இடத்தில் பச்சைப்பிள்ளையை வைத்திருப்பதை நான் சரியென்று சொல்லமாட்டேன். உதவியாளர் பிள்ளைகளைத் தன் வீட்டிலோ, தங்கை வீட்டிலோ வைத்துப் பார்ப்பதானால் இந்த மறுப்பு பெருமளவு நீங்கிவிடும்.

இரண்டாவது, அயலில் இதே வேலை செய்யும் இன்னொருவரிடம் பிள்ளைகளைக் குறித்த காலத்துக்கு ஒப்படைப்பது. போன பிள்ளை திரும்பி வராது என்ற பயம் நியாயமானதே. ஆயினும் அந்தப் பெண்ணுக்கும் நாளை ஒரு பிரசவமோ சத்திரசிகிச்சையோ வரலாம். அப்போது இவர் பார்ப்பார் என்ற கைமாற்று உடன்பாடு அந்தப் பயத்தைக் குறைக்கும். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு இதுவே ஏற்றது என்பது என் முடிவு. ஏழாம் மாதத்திலிருந்தே வாரத்தில் ஒரு அரை நாள் அங்கே கூட்டிச்சென்று பழக்கவேண்டும். அண்ணன் தம்பியைப் பிரிக்கக்கூடாது. ஒவ்வாத சாப்பாடு, மருந்து, நித்திரை நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

மூன்றாவது, முழுதாக மூடுவது. உடம்புக்கு இதைப்போல் நல்லது வேறில்லை. சீட்டுப் போடுகிறவர் பிரசவ மாதத்தில் சீட்டு எடுக்கும்படி முன்பே பேசி வைத்திருந்தால், அல்லது வேறு சேமிப்பு கையில் இருந்தால், தயங்காமல் மூடலாம். பாடசாலை விடுமுறையோடு பொருந்தினால் ஆசிரியர்களின் பிள்ளைகளுக்குச் சிரமம் குறைவு. தாதியருக்கும் வங்கி ஊழியருக்கும் அந்தச் சலுகை கிடைக்காது.

எதைத் தெரிவுசெய்தாலும், வேலையில் நிற்கும் மாதங்களில் பிள்ளையின் எச்சிலிலும் சிறுநீரிலும் பரவி, வயிற்றிலிருக்கும் சிசுவைப் பாதிக்கக்கூடிய சைற்றோமெகலோ வைரஸை நினைவில் வைத்து, நப்கின் மாற்றியதும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதும் ஒரே கரண்டியில் உண்ணாதிருப்பதும் அவசியம். சட்டம் ஊழியருக்குப் பிரசவத்துக்கு முன் இரண்டு கிழமையும் பின் பத்துக் கிழமையும் என வகுத்ததை அளவாகக் கொள்ளலாம். ஐந்தாம் மாதமளவில் பெற்றோருக்கு அறிவிக்கும்போது ஒரு நாளைக் குறிக்காமல், இந்தக் கிழமைக்கும் அந்தக் கிழமைக்கும் இடையில் என்று சொல்வதே நேர்மை. மீளத் திறக்கையில் முதலில் இரண்டு பிள்ளைகள், அதுவும் அரை நாள் போதும். மூடியிருக்கும் மாதங்களுக்கு இடம் பிடித்துவைப்பதற்கென்று பணம் கேட்கக்கூடாது. அந்தப் பெற்றோர் அதே மாதங்களில் வேறொருவருக்குக் கட்டணம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.