கும்பகோணத்தில் ஹாம்ஸ்டர் கூண்டு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மீன் தொட்டி, பறவைக் கூண்டோடு, வீட்டில் வளர்க்கும் எலி இனப் பிராணியான ஹாம்ஸ்டரும் விற்கும் ஒரு கடையில் 2,400 ரூபாய்க்கு என் தலையில் கட்டப்பட்ட கூண்டைப் பற்றியது இந்தப் பதிவு. கடையின் பெயர் வேண்டாம். இதே கூண்டு தஞ்சாவூரிலும் மயிலாடுதுறையிலும் தொங்குவதைப் பார்த்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் இருப்பது சிரியன் என்னும் பெரிய வகை ஹாம்ஸ்டர். பழைய கூண்டின் கம்பியை விடிய விடியக் கொறிக்கிறது என்று சொல்லித்தான் புதியது கேட்டேன். "இரும்பையா சார் எலி கடிக்கும்? இது அசையாது" என்று அடித்துச் சொன்னார் கடைக்காரர். கம்பி இரும்புதான். ஆனால் அடித்தட்டு, ஏணி, குழாய், கதவுத் தாழ் எல்லாம் மெல்லிய பிளாஸ்டிக். தட்டின் விளிம்பு வேறு உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. பல் வைக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. சில இரவுகளிலேயே மூலையில் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் ஓட்டை. அதைச் சுற்றி இரட்டை இரட்டையாகப் பல் தடம், கீழே தேங்காய்த் துருவல் போல இளஞ்சிவப்புத் துகள். கம்பியின் நீலப் பெயின்டும் உரிந்துவிட்டது. ஹாம்ஸ்டருக்கு மூக்கின் மேல் முடி தேய்ந்து தோல் தெரிந்தது, பாவம்.

எலியின் வெட்டுப்பல் சாகும்வரை வளரும், அது கொறித்தே தீரும் என்பது வயலில் கிட்டி வைத்துப் பழகிய டெல்டாவில் யாருக்குத் தெரியாது? ஹாம்ஸ்டர் விற்கிறவருக்கு மட்டும் தெரியவில்லையாம். கூண்டைத் திருப்பிக் கொண்டுபோனபோது, "பிராணி கடித்ததற்கு நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டுவிட்டு, கம்பியில் அடிக்கக் கசப்பு மருந்து ஒன்றை 350 ரூபாய்க்கு நீட்டினார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

ஏனென்றால் கம்பியைக் கடிப்பதற்குப் பல் மட்டும் காரணமல்ல. வளை தோண்டி வாழும் பிராணி அது. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில் தோண்டுவதற்குத் தரையில் பரப்பும் படுக்கையை 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்டு ஹாம்ஸ்டர்களை வளர்த்துப் பார்த்தார்கள். கம்பியை அதிகம் கடித்தவை 10 சென்டிமீட்டரில் இருந்தவைதான். எனக்கு விற்ற கூண்டின் தட்டில் நான்கு விரற்கடை ஆழம்கூட இல்லை. கசப்பு மருந்து அடித்து என்ன பயன்?

சிரியனுக்குத் தரைப்பரப்பு 100க்கு 50 சென்டிமீட்டராவது வேண்டும். மாடி மாடியாக அடுக்கிக் காட்டினால் மயங்காதீர்கள், தரைதான் கணக்கு. அது ஏறி ஓடும் சக்கரம் 28 சென்டிமீட்டர் விட்டம், கால் சிக்காமல் ஓடுபாதை முழுத் தகடாக இருக்க வேண்டும். குட்டை வகை வளர்ப்பவர்கள் கம்பி இடைவெளியைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் இருந்தாலே நழுவிப் போய்விடும்.

நான் கடைசியில் மீன் தொட்டி செய்பவரிடம் போனேன். நீர் கசிகிறது என்று ஒதுக்கிப் போட்ட பெரிய கண்ணாடித் தொட்டி நமக்குத் தாராளமாகப் போதும். பல் வைக்க விளிம்பே இல்லை. மேலே வெல்டிங் பட்டறையில் செய்த வலை மூடி. ஒன்று மட்டும்: கண்ணாடி சூட்டைப் பிடித்து வைக்கும். கத்திரி வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் பிராணி பிழைக்காது. படுக்கைக்கு மை இல்லாத காகிதக் கீற்று நல்லது. மர அறுவை மில் தூள் மூச்சைக் கெடுக்கும், பஞ்சு காலில் சுற்றிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடியில் பூஞ்சை பூக்கிறதா என்று கிளறிப் பார்க்க வேண்டும்.

பணம் இன்னும் வரவில்லை. குறையுள்ள பொருளை பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். கொறிக்காது என்று யாராவது சொன்னால், அதை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். என் பில்லில் "கூண்டு – 1" என்பதற்கு மேல் ஓர் எழுத்து இல்லை.