ஏற்காடு பல்லுயிர் குழு பயிற்சி: போகலாமா வேணாமா, என் அனுபவம்

மலை பஞ்சாயத்துல பல்லுயிர் மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு போட்டு அதுல பேரையும் சேத்துட்டாங்க, ஆனா நாம என்ன செய்யணும்னு யாருமே சொல்லல, இப்படி இருக்குறவங்க நிறைய பேர் இருக்கீங்க. உங்களுக்காகத்தான் எழுதறேன். ஏற்காட்டுல ஒரு தொண்டு நிறுவனம் நடத்துற பயிற்சிக்கு நானும் எங்க மகளிர் குழு அக்கா ஒருத்தவங்களும் போயிட்டு வந்தோம். காட்டுலயும் தோட்டத்துலயும் எடுக்குற மூலிகை, கிழங்கு, விதை, அதப் பத்தி நம்ம பெரியவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம், இத வச்சு யாராச்சும் சம்பாதிச்சா அதுல ஒரு பங்கு ஊருக்கு வரணும்னு சட்டம் இருக்குல்ல, அந்தப் பயிற்சி. ஃபீஸ் கிடையாது, சாப்பாடு அவங்களே, பஸ் சார்ஜும் குடுத்துட்டாங்க. என் மார்க் 5க்கு மூணரை.

முதல்ல ஹால்ல நடந்த கிளாஸ். 2002ல வந்த பல்லுயிர் சட்டம், உயிர்வளத்துல வர்ற லாபத்தப் பங்கு போடறது பத்தி 2010ல ஜப்பான்ல போட்ட நாகோயா ஒப்பந்தம், அது 2014ல நடைமுறைக்கு வந்தது, அதுல 22வது பிரிவே இந்த மாதிரி மக்களுக்குப் பயிற்சி குடுக்கறதப் பத்தித்தான்னு ஒவ்வொண்ணா ஸ்லைடு போட்டாங்க. ஸ்லைடு பூரா இங்கிலீஷ். சொன்ன சார் தமிழ்ல நல்லாத்தான் பேசுனாரு, ஆனா திரையில இருக்குறத படிக்க முடியாதவங்க பாதிப்பேர் இருக்குற இடத்துல அது என்னத்துக்குன்னு தெரியல, பின்னாடி உக்காந்திருந்த பெரியவங்க ரெண்டு மூணு பேரு வெளிய டீக்கடைக்குப் போயிட்டாங்க.

ஆனா கேரளா மலையில இருக்குற காணி பழங்குடி மக்கள் கதை சொன்னப்ப எல்லாரும் நிமிந்து உக்காந்தாங்க. 1987ல அகத்தியர் மலைக்கு விஞ்ஞானிங்க போறாங்க, வழிகாட்டியா கூட வந்த காணி ஆளுங்க ஒரு சின்னப் பழத்தத் தின்னுக்கிட்டு சோர்வே இல்லாம ஏறுறாங்க, அது என்னன்னு கேட்டு வாங்கி ஆராய்ச்சி பண்ணி ஜீவனின்னு மருந்து வந்துச்சு, செடி பேரு ஆரோக்கியப்பச்சை. கேரளா பாலோடு தாவரவியல் பூங்கா அத கம்பெனிக்கு லைசென்ஸ் குடுத்தப்ப 10 லட்சம் ரூபாயும் 2% ராயல்டியும் பேசி அதுல பாதி காணி மக்களுக்குன்னு ஒதுக்குனாங்க. உலகம் பூரா இத உதாரணமா காட்டுறாங்க. அந்த சார் அதோட நிறுத்தல. பணத்த வாங்கிக்க காணிங்களுக்கு ஒரு அமைப்பே அப்ப இல்ல, டிரஸ்ட் பதிவானதே 1997லதான், அதுக்கப்புறம் இலை எடுக்க வனத்துறை அனுமதில சிக்கல் வந்து மருந்து உற்பத்தியே தடுமாறுச்சு, எல்லாத்தயும் மறைக்காம சொன்னாரு. பங்கு வரும்போது வாங்க ஆளும் கணக்கும் இருக்கணும்ங்கறது எனக்கு அங்கதான் மண்டையில ஏறுச்சு. நம்ம சேலத்து ஆளுங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச மஞ்சள், அது காயத்த ஆத்தும்ங்கறதுக்கே 1995ல அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கி, அத நம்ம மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்பு சிஎஸ்ஐஆர் எதிர்த்து 1997ல ரத்து பண்ண வச்சதயும் சொன்னாங்க, அப்ப பழைய சமஸ்கிருத நூல்ல எழுதி வச்சிருந்ததுதான் சாட்சியா நின்னுச்சாம். எழுதி வைக்காம வாய்வழியா மட்டும் இருக்குற நம்ம மலைக்காரங்க வைத்தியத்துக்கு அந்த பலம் இல்லங்க.

அடுத்து பதிவேடு, அதாவது ஊர்ல என்னென்ன செடி, உயிரினம், அதப் பத்தி யாருக்கு என்ன தெரியும்னு எழுதி வைக்கிற புத்தகம். இந்தப் பயிற்சில காசு குடுத்துக் கூட போகலாம்னு சொல்ற பகுதி இதுதான். ஒரு பஞ்சாயத்தோட மக்கள் பல்லுயிர் பதிவேட்ட ஜெராக்ஸ் எடுத்து கையில குடுத்து ஊருக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. பதிவேட்டுல முடவாட்டுக்கால்னு ஒரு வரி, பக்கத்துல "மூலிகை"னு ஒரே வார்த்தை, அவ்ளோதான். அங்க இருந்த ஒரு பாட்டி அடுப்படியில இருந்து கிழங்கயே எடுத்துட்டு வந்துட்டாங்க. ஆட்டுக்கால் மாதிரி பழுப்பு ரோமம் மூடியிருக்கும்ல, அத கத்தியால சுரண்டுனா உள்ள வெளுப்பா வரும். சுரண்டிக்கிட்டே சொல்றாங்க, பாறையில ஒட்டுனது ஒரு ருசி, மரத்துல ஒட்டுனது வேற ருசி, எந்த மாசத்துல எடுக்கக்கூடாது, முழுசா பேத்து எடுத்தா அடுத்த வருசம் அங்க வராது, நுனிய விட்டுட்டு எடுக்கணும்னு. நாங்க எழுத எழுத ஒரு பக்கம் ரொம்பிப் போச்சு. ஏற்காடு வர்றவங்க எல்லாம் ரோட்டோரத்துல சூப் குடிச்சுட்டு பாக்கெட்டும் வாங்கிட்டுப் போறாங்க, ஆன்லைன்ல வேற விக்குது, ஆனா அது எந்த மலையில யாரு எப்படி எடுத்ததுன்னு எங்கயும் பதிவே இல்ல. பதிவேட்ட 2020 ஜனவரிக்குள்ள முடிக்கணும்னு பசுமைத் தீர்ப்பாயம் கெடு வச்சு, முடிக்காத மாநிலம் மாசம் 10 லட்சம் ரூபாய் கட்டணும்னு சொன்னப்ப நாடு பூரா அவசர அவசரமா போட்ட பதிவேடு நிறைய. அத இப்படி உக்காந்து திருத்துனாத்தான் அதுக்கு உயிரு.

எலும்பு முறிவுக்குக் கட்டு போடுற ஒரு பெரியவரு மட்டும் பச்சிலை பேரச் சொல்லமாட்டேன்னுட்டாரு. பயிற்சி குடுத்த மேடம், "சொல்ல வேணாங்கய்யா, உங்களுக்குத் தெரியும்னு மட்டும் எழுதிக்கறோம், விவரம் உங்க கிட்டயே இருக்கட்டும்"னாங்க. அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

அப்புறம் வியாபாரி மாதிரி ஒருத்தர், பஞ்சாயத்து குழு மாதிரி நாங்கன்னு பேரம் பேசற பயிற்சி. கடுக்காய் ஆயிரம் கிலோ, கிலோ 40 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வச்சா 40,000 ரூபாய். சட்டத்தோட 41வது பிரிவுல, எங்க எல்லைக்குள்ள வியாபாரத்துக்கு எடுக்குறவங்க கிட்ட குழுவே சேகரிப்புக் கட்டணம் வாங்கலாம்னு இருக்கு, 2% போட்டா 800 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனா இதுல முக்கியம் ரசீது. மூட்டை இங்க எடை போடறப்ப ரசீது இல்லன்னா, அது கீழ சேலம் செவ்வாய்ப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போயி கல்வராயன் மலை கடுக்காய் கூடவும் கொல்லிமலை கடுக்காய் கூடவும் கலந்ததும் எந்த ஊருதுன்னு சாமிக்கே தெரியாது. அதுக்கு மேல எந்தக் கம்பெனி கிட்டயும் போயி எங்க பங்குன்னு கேக்க முடியாது. இத நாங்களே நோட்டுல எழுதி, கையெழுத்துப் போட்டு, கூட்டிப் பாத்து கத்துக்கிட்டோம்.

இப்ப குறை. ஒண்ணு, சதவீதம் சொன்னது பழைய கணக்கு. 2014 வழிகாட்டுதல்ல வியாபாரி வாங்குன விலையில 1 முதல் 3%, தயாரிக்கிறவங்க 3 முதல் 5%ன்னு இருந்துச்சு, அதயேதான் ஸ்லைடுல போட்டாங்க. 2023ல சட்டத்தயே திருத்தி, 2025 ஏப்ரல்ல புது விதிமுறையும் வந்து, வருசத்துக்கு 5 கோடி வரைக்கும் விற்பனை இருக்குறவங்க பங்கு கட்ட வேண்டியதில்லன்னு ஆயிடுச்சு. நம்ம ஊருக்கு வர்ற வியாபாரி எத்தன பேரு 5 கோடியத் தாண்டுவாங்க? அப்ப ஊருக்கு மிஞ்சுறது அந்த சேகரிப்புக் கட்டணமும், தாண்டுற பெரிய கம்பெனி கிட்ட காட்ட வேண்டிய ரசீதும்தான். இத சொல்லாம பழசச் சொல்லி அனுப்புனா நாங்க போயி வியாபாரி கிட்ட அவமானப்பட்டு வரணும். இடைவேளையில சொன்னேன், மாத்தறோம்னாங்க.

ரெண்டாவது பெரிய குறை, 2006 வன உரிமைச் சட்டத்தப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. சிறு வனப்பொருள் எடுக்கவும் விக்கவும் உரிமை அதுலதான் இருக்கு, பல்லுயிர், மரபு அறிவு மேல சமூகத்துக்கு இருக்குற உரிமையும் அதே 3வது பிரிவுலதான் வருது. மலையாளி பழங்குடி மக்கள் (கேரளாக்காரங்க இல்ல, நம்ம மலைக்காரங்க) உக்காந்திருக்குற ஹால்ல இத விட்டுட்டு எப்படிங்க பங்கு பத்தி பேசறது? எடுக்கற உரிமையே கைல இல்லாதவங்க எதுல பங்கு கேக்கறது? அரை மார்க் இல்ல, முழுசா ஒரு மார்க் இதுக்கே குறைச்சேன்.

ஆத்தூர் பக்கத்துல இருந்து மருந்துக்கூர்க்கன்னு ஒரு மூலிகைக் கிழங்கு போடுற விவசாயி அண்ணன் ஒருத்தர் வந்திருந்தாரு, தோட்டத்துல வெளைய வைக்கிறவங்களும் பணம் கட்டணுமான்னு பயந்துக்கிட்டே கேட்டாரு. வேணாம், சாகுபடி பண்றவங்களுக்கு முன்னருந்தே விலக்கு உண்டு, ஆனா இப்ப சாகுபடி மூலிகைதான்னு காட்ட குழு குடுக்குற மூலச் சான்று வேணும்னு தெளிவா சொன்னாங்க. அப்ப நம்ம குழு கையெழுத்துக்கு மதிப்பு இருக்கு பாருங்க. தோட்டத்துலன்னு சொல்லி காட்டுல எடுத்தத ஏத்தி அனுப்புறவங்களுக்கு கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடக்கூடாதுங்கறதையும் அங்கயே பேசியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

சாப்பாடு சாம்பார், பொரியல், தயிர் சாதம், சுமார். ஹால்ல கழிப்பறை சுத்தமா இருந்துச்சு, பொம்பளைங்க தைரியமா போகலாம். கைக்குழந்தையோட வந்த ஒரு தங்கச்சிக்கு தனியா ஒரு ரூமே திறந்து விட்டாங்க.

குழுவுல இருக்குறவங்க, மகளிர் குழு கணக்கு எழுதறவங்க, லேம்ப் சொசைட்டில (பழங்குடி மக்கள் கூட்டுறவு சங்கம்) இருக்குறவங்க கண்டிப்பா போங்க. சட்டம் மட்டும் தெரிஞ்சுக்கணும்னா இதுக்குன்னு மலையேற வேணாம். போறதுக்கு முன்னாடி உங்க பஞ்சாயத்து பதிவேட்ட ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க, குடுக்க மாட்டேன்னு சொன்னா எழுதிக் கேளுங்க. நடத்துறவங்களுக்கும் சொல்லியிருக்கேன், அடுத்த தடவ செவ்வாய்ப்பேட்டை வியாபாரி ஒருத்தரயும் வனத்துறை ஆளு ஒருத்தரயும் எதிர்ல உக்கார வச்சு நிஜமாவே பேரம் பேச விடுங்க, தை மாசம் கடுக்காய் இறங்கறதுக்கு முன்னாடி வைங்கன்னு.