பெட்டில பீனியல், பல்புல ஆம்பர்: ஒரு நைட் லேம்ப் ரிவ்யூ

இந்த ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) கலர் நைட் லேம்ப வாங்கலாமான்னு கேட்டா வாங்கலாம், ஆனா பெட்டி மேல எழுதியிருக்கறத நம்பி வாங்காதீங்க. பீனியல் சுரப்பிய ஆக்டிவேட் பண்ணும், மூணாவது கண்ண தூண்டும்னு அளந்து விட்டிருக்காங்க. எந்த லைட்டும் பீனியல ஆக்டிவேட் பண்ணாதுங்க, அது மெலடோனின்ங்கற தூக்க ஹார்மோன சுரக்கறதே இருட்டுலதான். பட்டாணி சைஸ் கூட இல்லாத சுரப்பி, மூளைக்கு நடுவுல உக்காந்திருக்கு, நமக்கெல்லாம் அதுக்கு நேரா வெளிச்சம் தெரியாது. கண்ணுல பட்ட வெளிச்சம் மூளைல இருக்கற கடிகாரத்துக்குப் போயி, அங்கேருந்து தண்டுவடத்துல இறங்கி, கழுத்துல இருக்கற நரம்பு முடிச்சு வழியா திரும்ப மேல ஏறிதான் பீனியலுக்கு சேதி வருது. நடுராத்திரில பளிச்சுனு லைட் போட்டா சுரப்பு சீக்கிரமே விழுந்துடும்.

இதுக்கு பெரிய ஃபோகஸ் லைட்லாம் தேவையே இல்ல. 2011ல வந்த ஒரு ஆய்வுல, படுக்கறதுக்கு முன்னாடி 200 லக்ஸுக்கும் (வெளிச்சத்த அளக்கற அலகு) கம்மியான சாதாரண ரூம் லைட்ல இருந்ததுக்கே, மங்கல் வெளிச்சத்தோட ஒப்பிட்டா, மெலடோனின் சுரக்கற நேரம் சுமார் 90 நிமிஷம் குறைஞ்சிருக்கு. எலிகள வாரக்கணக்கா விடிய விடிய லைட்லயே வெச்சிருந்தா பீனியலோட எடையே குறையுதுன்னும் பழைய ஆய்வுகள் இருக்கு, ஆனா அத அப்படியே தூக்கிட்டு வந்து உங்க சுரப்பி சுருங்கிட்டிருக்குன்னு மனுஷங்கள பயமுறுத்தி லைட் விக்கறது ரொம்ப ஓவர்.

சரி, சரக்குக்கு வருவோம். மெலடோனின அதிகமா அடக்கறது 460லேருந்து 480 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்துல இருக்கற நீல வெளிச்சம், அதனால இதுல நெஜமாவே நீலம் இல்லையான்னுதான் முதல்ல பாத்தேன். பழைய சிடி ஒண்ண எடுத்து பின்பக்கத்துல லைட் படற மாதிரி சாய்ச்சுப் பிடிங்க, ஹால்ல இருக்கற வெள்ளை எல்இடிக்கு நீலப்பட்டை பளிச்சுனு தெரியும், இதுக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஓரத்துல லேசா பச்சை, அவ்ளோதான். அந்த விஷயத்துல ஏமாத்தல. வெள்ளை பல்புக்கு மஞ்ச ஸ்டிக்கர் சுத்தி விக்கறவங்களும் இருக்காங்க, உஷாரு.

கடுப்பு எங்கன்னா ஸ்விட்ச்ல. ஒவ்வொரு தடவ ஆன் பண்றப்பவும் ஃபுல் பிரைட்டாதான் எரியும், அப்புறம் நாலு தடவ அமுக்கிதான் குறைக்கணும், ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவன் கண்ணுல ஃபுல் வெளிச்சத்த அடிச்சுட்டு அப்புறம் மங்க வெச்சு என்ன பிரயோஜனம், டிசைன் பண்ணவங்க ஒரு ராத்திரியாவது இத போட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். இதுல காமெடி என்னன்னா நீலமே இல்லாத லைட்டுக்கு குடுத்த அடாப்டர்ல குத்தற மாதிரி ஒரு நீல இண்டிகேட்டர். அந்த புள்ளியால சுரப்பு ஒண்ணும் நின்னுடாது, ஆனா எரிச்சல் எரிச்சல்தானே, கருப்பு டேப் ஒட்டிட்டேன்.

ராத்திரி எழுந்து கைக்குழந்தைய பாக்கறவங்க, தட்டுத்தடுமாறி நடக்கற பெரியவங்க இருக்கற வீட்டுக்கு சரியா இருக்கும், கீழ பிளக் பாயிண்ட்ல மாட்டுங்க, கண்ணுக்கு நேரா வேணாம். லைட்டே இல்லாம தூங்க முடியும்னா இது எதுக்கு, ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணுங்க. அஞ்சுக்கு மூணு ஸ்டார், ஸ்விட்ச்ச சரி பண்ணா நாலு குடுப்பேன்.